கேள்விகள் இறுதியில் மட்டும்

கையேட்டுக்காரர் என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கும் என்று, மென்பொருள் வாங்குபவருக்குப் பக்கம் பக்கமாக எழுதுவது அவர் வேலை. வாங்குபவர்கள் அதைத் திறப்பதே இல்லை. நேராகப் போன் போட்டுத் திட்டிவிடுகிறார்கள். அந்த வசவுகளையும் அவர்தான் அடுத்த பதிப்பில் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்று நாகரிகமாக்கி எழுதுவார்.

வீட்டிலும் அதே கதிதான். அவர் “முதல்ல...” என்று ஆரம்பித்தால் மனைவிக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிடும். மகளின் காதில் ஏற்கெனவே யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள். ஆயுளில் ஒரு தடவையாவது, தான் சொல்ல வந்ததை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். மனிதருக்கு வேறு பேராசை கிடையாது.

பாவம் பார்த்து, கணினித் துறையிலேயே இருக்கும் மைத்துனன் ஒரு சனிக்கிழமை காலை அவரைக் கிளப்பிக்கொண்டு போனான். தொழில்நுட்பக்காரர்கள் தாங்களாகவே கூடிப் பேசும் கூட்டம் அது. தலைவர் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை; ஆகவே நன்றியுரையும் இல்லை. பேச நினைப்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினால் ஓர் அறை கிடைக்கும்.

“ஒரே ஒரு சட்டம்தான் அத்தான். பிடிக்கலைன்னா நடுவுலயே எழுந்து போயிடலாம். யாரும் கோவிச்சுக்கக் கூடாது.”

“அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும் மச்சான்? நம்ம வீட்லயே அந்தச் சட்டம்தானே!”

ஆனாலும் எழுதி ஒட்டினார்: ‘பிறர் படிக்கும்படி கையேடு எழுதுவது எப்படி?’ அடியில் பொடி எழுத்தில், ‘எச்சரிக்கை: கேள்விகள் இறுதியில் மட்டும்.’

அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எங்கே நின்றாலும் யாருக்காவது முதுகைக் காட்ட வேண்டியிருந்தது. ஒருவழியாக வெள்ளைப் பலகையின் ஓரம் ஒண்டிக்கொண்டு, “முதலில், இந்த உரையின் நோக்கம்” என்றார். இரண்டு பேர் எழுந்தார்கள். “அடுத்து, இந்த உரையின் அமைப்பு” என்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். நல்ல மனிதர்கள், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்கள்.

மிஞ்சியது மைத்துனனும் ஓர் இளம்பெண்ணும். மைத்துனன் கணக்கில் சேர்த்தியில்லை. கையேட்டுக்காரர் அவளையே நம்பித் தொண்டையைச் செருமினார்.

“சார், ஒரு நிமிஷம்.”

“கேள்வியெல்லாம் கடைசியிலம்மா.”

“கேள்வி இல்ல சார். சண்டை.”

கஸ்டமர் கேரில் போன் எடுப்பவளாம். “‘பொருத்தமான தேர்வைச் சொடுக்கவும்’னு எழுதிட்டு நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிடறீங்க. எதுய்யா பொருத்தம்னு என் கழுத்தைப் பிடிக்கிறாங்க!”

“அதுகூடத் தெரியாமலா மென்பொருள் வாங்கினாங்க?”

“அவங்களா வாங்கினாங்க? மேனேஜர் வாங்கிப் போட்டாரு. கிடந்து அழறது இவங்க!”

கையேட்டுக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். “அப்ப... நீங்க கையேடெல்லாம் படிக்கிறீங்களா?”

“தினமும். தலையெழுத்து!”

அதற்குமேல் உரையாவது, அமைப்பாவது. அவர் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார், அவள் அழித்தாள். அவர் மறுபடி எழுதினார். அவள் பாதியை மட்டும் விட்டுவைத்தாள். கூச்சல் கேட்டு, எழுந்து போனவர்கள் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். அதில் ஒருவர், “கையேடே எதுக்கு? ஒரு வீடியோ போட்டா போதாது?” என்றார். அவ்வளவுதான். அதுவரை கீரியும் பாம்புமாக இருந்த இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். அடுத்து அறை கிடைத்தவர்கள் வந்து கதவைத் தட்டும்வரை ஓயவில்லை.

படியிறங்கும்போது மைத்துனன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “சாரி அத்தான். நோக்கத்தையும் அமைப்பையும் தாண்டவே விடலையே?”

“எங்க விட்டாங்க! வாயத் திறந்தா வெட்டறாங்க, எழுதினா அழிக்கிறாங்க” என்றார், மாப்பிள்ளைக் களை சொட்டும் முகத்தோடு. நாலு படி இறங்கியவர் நின்றார்.

“அடுத்த கூட்டம் எப்ப மச்சான்? அந்தப் பொண்ணு வருமான்னு கேட்டு வை. ‘பொருத்தமான’வுக்குப் பதிலா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். கண்டிப்பா தப்புன்னு சொல்லும்!”