அம்மா அவிழ்த்த கட்டு

வாசலில் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. மாவுக்கட்டுப் போட்ட என் வலது கையைப் பார்த்தேன்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கும் இதே மணிக்கட்டுதான் முறிந்தது. வைத்தியர் உளுந்தமாவை முட்டை வெள்ளையில் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வீடெல்லாம் முட்டை வாடை. அது தீபாவளிச் சீசன். ஒரு வாரத்தில் அம்மா கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"எலும்பு என்ன, ஒன் போர்மேனுக்குப் பயந்து வெரசா கூடிருமாக்கும்?" என்றார் அப்பா.

"கட்டோட போனா பட்டாசுச் சரம் பின்ன விடுவாகளா? சீசன் முடியட்டும், திரும்பக் கட்டிக்கிருதேன்."

திரும்பக் கட்டவில்லை. கை கோணலாகவே கூடியது. அதற்குப் பிறகு அம்மா எனக்குத் தலை பின்னிவிடவில்லை. சரம் மட்டும் பின்னினாள்.

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது.

"நாளைக்கு வாரேண்ணே!" என்று கத்தினேன். மாவுக்கட்டு ஊறிக் கழன்று வரட்டும் என்று கையை வாளித் தண்ணீருக்குள் முக்கினேன்.