சாமி வைத்த பேரும் ஏழரை மணி வில்லியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் இழுத்தடித்தேன். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கும் சாமி படத்தைப் பார்ப்பேன், பேனாவை மூடிவிடுவேன். எழுதினால் சாமியைக் கொஞ்சம் கேலி செய்ய வேண்டியிருக்கும், சம்பந்தியம்மாவை நிறையவே கேலி செய்ய வேண்டியிருக்கும். சாமி பொறுத்துக்கொள்வார். சம்பந்தியம்மா பொறுத்துக்கொள்வாரா என்பதுதான் என் கவலை. போன மாசம் அவரே கேட்டுவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, அந்தப் பூ கேட்ட கதைய எழுதப்போறீங்களாமா? எழுதுங்க. ஆனா நான் பாயசம் குடிக்காம போனதை உட்டுப்போடாதீங்க. அதுதான் அதுல நல்லா இருக்கும்."

உத்தரவு கிடைத்துவிட்டது. எட்டாம் வகுப்புப் படிப்பையும் காரமடையில் ஒரு லேத் பட்டறையையும் வைத்துக்கொண்டு என்னால் முடிந்த மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே பெண். அவள் பிறந்தபோது நான் ஒரு பேரை நினைத்து வைத்திருந்தேன், என் மனைவி வேறொரு பேரை நினைத்து வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் இப்படி இரண்டு பேர் முட்டிக்கொண்டால் பஞ்சாயத்துக்குப் போவதில்லை, குலசாமி கோயிலுக்குப் போவோம். பூசாரி வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்து சாமி காலடியில் போடுவார். பிறகு கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எந்தப் பூவோ அதுதான் சாமியின் வாக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கோயிலில் அன்றைக்கு வெள்ளைக்கு என் பேர், சிவப்புக்கு அவள் பேர். வெள்ளை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை நான் என் மனைவியிடம் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் சாமி வந்து சாட்சி சொன்னதால்.

நல்ல பேர். பழைய பேர். கோயில் மணி அடித்து நின்ற பிறகு கொஞ்ச நேரம் காதில் நிற்குமே, அப்படி ஒரு பேர். என்ன பேர் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் சிரிப்பீர்கள்.

பெண் ஒன்பதாம் வகுப்பு போனபோது டிவியில் ஒரு சீரியல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏழரை மணிக்கு. ஏழரை என்றதுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதில் ஒரு வில்லி. மாமியாரை ஒழித்துக்கட்டிச் சொத்தை எழுதி வாங்க வந்த மருமகள். வாரத்துக்கு ஒரு தடவை பாயசத்தில் எதையாவது கலப்பாள், ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள், பின்னால் தகரத்தை உருட்டினாற்போல ஒரு மியூசிக் வரும். அவளுக்கு அந்தச் சீரியல்காரர்கள் வைத்த பேர் என் மகளின் பேர். உலகத்தில் வேறு பேரா இல்லை! சாமி பொறுக்கியெடுத்த பேரைத்தான் அவர்களும் பொறுக்கியெடுத்தார்கள்.

ஒரு மாசத்தில் காரமடை மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இவள் பேர் வந்தால் பின்பெஞ்சிலிருந்து மியூசிக் வரும். ரேசன் கடையில் பேரைப் படித்தால் வரிசையே திரும்பிப் பார்க்கும். ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேசத்தில் இவள் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போனாள். முதல் இலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையால் இலையை மூடிக்கொண்டு, "எனக்கு இன்சூரன்ஸ் இல்லீங் அம்மணி, அடுத்த எலைக்குப் போ" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பெண் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

என் தங்கை மகன் பேரிலும் ஒரு புயல் வந்ததுண்டு. டிவியில் வட்டம் வட்டமாகக் காட்டினார்கள். எல்லோரும் அவனைக் கிண்டல் செய்து முடிப்பதற்குள் கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது. புயலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, வந்தால் போகும். சீரியல் போகாது.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் பெண் என் எதிரில் வந்து நின்றாள். சர்டிபிகேட்டில் பேர் ஏறுவதற்குள் மாற்ற வேண்டும் என்றாள்.

"சாமி வெச்ச பேரு கண்ணு. மாத்தப்படாது."

"சாமிக்கு எல்லாந் தெரியுமுங்களாப்பா?"

"தெரியும்."

"இந்தச் சீரியல் வரப்போகுதுன்னும் தெரியுமுங்களா?"

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுமா வெச்சாரு?"

சமையலறையிலிருந்து என் மனைவி, "நான் சொன்ன பேரை வெச்சிருந்தா இந்தப் பாடு உண்டா?" என்றாள். பதினைந்து வருசம் காத்திருந்து அடித்தாள். நான் சாமி மேல் பாரத்தைப் போட்டு மசியாமல் இருந்தேன். பேர் சர்டிபிகேட்டில் ஏறியது. மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவள் காலேஜ் முடித்தாள். சீரியல் முடியவில்லை. அவள் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தாள். சீரியல் முடியவில்லை. அதில் மாமியாராக நடித்த அம்மா மாறி வேறொரு அம்மா வந்தார், வீடு மாறியது, வில்லி மட்டும் அதே புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவிநாசிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. தங்கமான பையன், மில்லில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்தியது. பெண்ணும் பையனும் போனில் பேசி, பிடித்தும் போயிற்று. அவனுக்குத் தகப்பனார் இல்லை, அம்மாதான் எல்லாம். பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு என் மனைவி, நல்ல நாளும் அதுவுமாக, பாயசம் வைத்துத் தொலைத்தாள். பெண் கையிலேயே கொடுத்தும் அனுப்பினாள்.

பையனின் அம்மா டம்ளரை வாங்கினார். உள்ளே பார்த்தார். பெண்ணின் புருவத்தைப் பார்த்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

"சுகருங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டு விசயத்துக்கு வந்தார். "பொண்ணு மகாலட்சுமியாட்ட இருக்குது. எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா ஏழரை மணிக்கு அவளைத் திட்டித் திட்டி எனக்கு நாக்கே தேஞ்சுபோச்சு. அதே பேரைச் சொல்லி எப்படீங்க எம் மருமகளைக் கூப்பிடறது? கூப்பிடறப்பவே வயித்தைக் கலக்குமுங்க. எங்கூட்டுக்கு வாரப்ப வேற பேரு வெச்சுக்கலாமுங்களா? பத்திரிகையிலயும் அதையே அடிச்சுப்போடலாம்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு அப்படியெல்லாம் இல்லீங்க மாமா. அம்மாவுக்குத்தான்..."

சாமி வைத்த பேர் என்று அத்தனை வருசம் வீராப்புப் பேசிய நான் அன்றைக்கு மசிந்துவிட்டேன். நல்ல சம்பந்தம், கை நழுவிவிடக் கூடாது. "மாத்திக்கலாமே, அதுல என்ன இருக்குது," என்று வாயெடுத்தேன். பெண் முந்திக்கொண்டாள்.

"மாத்த மாட்டேனுங்க."

"ஏங்கண்ணு, நீதான பத்தாவதுல அந்த அழுகை அழுத?"

"அப்ப நான் கேட்டேன், நீங்க மாத்தல. அப்பறம் இத்தனை வருசம் இந்தப் பேருக்குத்தான் நான் பேச்சு வாங்கியிருக்கறேன். மியூசிக் போட்டவனையெல்லாம் தாண்டித்தான் மார்க் எடுத்தேன், வேலைக்குப் போனேன். கஷ்டப்பட்டுக் காப்பாத்துன பேருங்கப்பா. இப்பப் போயி எவளோ ஒருத்தி பாயசம் காச்சுனதுக்காக நான் எதுக்கு உட்டுக்கொடுக்கோணும்?"

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். ஆனால் பையனின் அம்மா என்னைவிடப் பெரிய பக்தை. பூ கேட்டு வைத்த பேர் என்று என் மனைவி சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அப்படீங்களா! சாமி குடுத்த பேருன்னா நாம யாரு மாத்தறதுக்கு? சாமியவே கேட்டுப்போடலாமுங்க," என்றார். பெண்ணும், "சாமி சொன்னா கேட்டுக்கறேன்," என்றாள். சொன்ன வேகத்தில் அவள் கண் என் பக்கம் வந்தது. இந்தத் தடவை சாமி சரியாகச் செய்யவில்லை என்றால் சாமிக்கும் எனக்கும் சேர்த்து இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பமும் கோயிலில் நின்றோம். பூசாரி இரண்டு பொட்டலங்களையும் போட்டார். "நெனச்சது சரீன்னா வெள்ளை, வேண்டாம்னா செவப்பு. மனசுக்குள்ளயே கேட்டுக்குங்க. வாயுட்டுச் சொல்லப்படாது," என்றார். அதுதான் வழக்கம். கண்ணை மூடினேன். 'சாமி, பேர் இப்படியே இருக்கட்டுமா?' என்று கேட்டேன். பக்கத்தில் சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை வந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி வாக்கு மாறவில்லை! சம்பந்தியம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தோற்றும் எவ்வளவு பெருந்தன்மை என்று அவரை மனதுக்குள் மெச்சினேன். என் மனைவியும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி தொன்னையில் பொங்கல் கொடுத்தார். எல்லோரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதிப் பொங்கலில் சம்பந்தியம்மா சொன்னார்: "நான் ஒரு மூணு பேரு யோசிச்சு வெச்சிருக்கறேனுங்க. புள்ளைக்கு எது புடிக்குதோ அதை வெச்சுக்கலாம்."

"எதுக்குங்க பேரு?"

"மாத்தறதுக்குத்தான். பேரை மாத்தலாமான்னு கேட்டேன், சாமி வெள்ளையக் குடுத்துட்டாரே!"

"இருக்கட்டுமான்னுதானுங்க நான் கேட்டேன். அதுக்குத்தான் வெள்ளை!"

இரண்டு பேரும் பொங்கல் கையோடு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சன்னதியைப் பார்த்தோம். கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டும் தரகர் மாதிரி சாமி சிவனே என்று உட்கார்ந்திருந்தார். குறை சொல்லி என்ன? கேள்வியை ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ரகசியமாகக் கேட்டால் ரகசியமாகத்தான் பதில் வரும்.

பூசாரியிடம் ஓடினேன். "இன்னொருக்கா போடுங்க."

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க. திருப்பித் திருப்பிக் கேக்கறதுக்கு சாமி என்ன கஸ்டமர் கேருங்களா?"

திரும்பி வந்தபோது வேப்ப மரத்தடியில் சத்தம் ஏறியிருந்தது. என் மனைவி ஒரு பக்கம், சம்பந்தியம்மா ஒரு பக்கம். பையன் நடுவில் தொன்னையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் பெண் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? காலையில இருந்து நீங்க என்னைய எப்படிக் கூப்பிட்டீங்க?"

சம்பந்தியம்மா யோசித்தார். "அம்மணின்னுதான் கூப்பிட்டேன்."

"எங்க அம்மா எப்படிக் கூப்பிடறாங்க?"

"கண்ணுங்கறாங்க."

"அப்பறம் என்னங்க? நம்மூருல யாரு யாரைப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்க? பேரு பத்திரிகையிலயும் ஆதார்லயும் இருந்துட்டுப் போகுது, அது எங்க அப்பா கேட்ட வெள்ளை. ஊட்டுல நீங்க அம்மணின்னே கூப்பிடுங்க, அது நீங்க கேட்ட வெள்ளை. சாமி ரெண்டு பேருக்கும் சரியாத்தான சொல்லியிருக்காரு?"

சம்பந்தியம்மா என்னிடம் திரும்பி, "சீரியல்ல வாரவளுக்கு இத்தனை மூளை கெடையாதுங்க," என்றார். பையன் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தான். அங்கேயே தேதி பார்த்துவிட்டோம்.

கல்யாணப் பத்திரிகையில் சாமி வைத்த பேர் கொட்டை எழுத்தில் வந்தது. பந்தியில் பாயசம் போட்டோம். சம்பந்தியம்மா எல்லோரும் பார்க்க இரண்டு டம்ளர் குடித்தார். அதற்கப்புறம் அவர் வீட்டில் அம்மணிதான். சந்தைக்குப் போக அம்மணி, மாத்திரை எடுத்துக் கொடுக்க அம்மணி. பேர் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு முள். சாமி கொடுத்த பேர், அந்த வீட்டில் ஒரு தடவையாவது ஒலிக்க வேண்டாமா என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்வேன்.

இரண்டு வருசம் கழித்து ஒரு சாயங்காலம் சம்பந்தியம்மா போன் செய்தார். குரல் தழுதழுத்தது. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிவிட்டேன்.

"சம்பந்தி, அவ திருந்திட்டாளுங்க."

"யாருங்க?"

"சீரியல்ல! இன்னிக்குத்தான் கடைசி. மாமியா காலுல உழுந்து அழுதுபோட்டாளுங்க. எனக்கு மனசே கேக்கல. பாவம், நல்ல புள்ளைதான், கூட இருந்தவங்க கெடுத்துட்டாங்க."

பேசிக்கொண்டே இருந்தவர் வீட்டுக்குள் திரும்பி யாரையோ கூப்பிட்டார். என் மகளைத்தான். பேர் சொல்லி. நீட்டி, முழுசாக, மணி அடித்தாற்போல. உள்ளேயிருந்து என் மகள், "வாரேனுங்க அத்தை," என்றாள். ஒன்றுமே நடக்காத மாதிரி.

போனை வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அந்தச் சீரியலை எழுதியவருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும், மறுபடி பேர் வைக்காமல் இருக்கட்டும்.

இதை யாருக்காவது சொல்வதானால் இருக்கிறபடியே சொல்லுங்கள். சாமி அசரீரியாகப் பேசினார் என்று என் மச்சான் ஏற்கெனவே ஒரு கதையை ஓட்டிக்கொண்டிருக்கிறான். சாமி ஒன்றும் பேசவில்லை, பூ மட்டும்தான் கொடுத்தார். சம்பந்தியம்மாவைக் கெட்டவராக்கிவிடாதீர்கள், அந்தப் புருவத்தை ஒருத்தி தூக்கினதே போதும். பேர் என்ன என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்களாக ஒன்றைப் போட்டு நிரப்பிவிட வேண்டாம். நீங்கள் போடும் பேரில் எங்கேயாவது ஒரு பெண் குழந்தை இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கும்.