செல்வக்கனியின் மூக்கு

காலையில் தங்கை அனுப்பிய செய்தி ஒன்று கைப்பேசியில் வந்து விழுந்தது. மூக்கைப் பற்றிய புது ஆராய்ச்சியாம். ஒரே வாசனைக்குள் இருந்துகொண்டே இருந்தால் மூக்குக்கு அது பழகிவிடுமாம். மூளையும் 'தெரிந்த சங்கதிதானே' என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமாம். ஆகவே உங்கள் வீட்டு நாற்றம் உங்களுக்குத் தெரியாது, வருகிற விருந்தாளியைக் கேளுங்கள் என்று கடைசியில் ஓர் அறிவுரை. அதற்குக் கீழே அறையில் அடிக்கிற வாசனை ஸ்ப்ரே விளம்பரம். இந்த மாதிரிச் செய்தி என்றால் எனக்கு உயிர். தூக்கம், குடல், நடைப்பயிற்சி என்று எதைப் போட்டாலும் வாசித்து நாலு பேருக்கு அனுப்பி வீட்டில் திட்டு வாங்குகிறவள் நான். இதை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை. கோபம் வந்துவிட்டது. காபி ஆறி ஏடு படிந்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு, சொல்லுங்கள். எங்கள் பஸ் கண்டக்டரைக் கேட்டிருந்தால் போதுமே.

நான் வளர்ந்தது திருவொற்றியூரில், ஒரு கம்பெனியின் பின்மதிலை ஒட்டிய தெருவில். மதிலுக்கு அடியிலிருந்து ஒரு கால்வாய் திறந்தபடியே எங்கள் வீடுகளின் பின்பக்கமாக ஓடும். ஒரு நாள் மஞ்சளாக, ஒரு நாள் கறுப்பாக. பாரிமுனையிலிருந்து வரும் பஸ் எங்கள் நிறுத்தத்தை நெருங்கும்போது பாதிப் பேர் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்குக்குக் கொண்டுபோவார்கள். மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வார்: "மூக்க மூடாதவங்கல்லாம் எறங்கு, ஸ்டாப்பிங் வந்துச்சு." பஸ்ஸே சிரிக்கும். இறங்குகிற நாங்களும் சேர்ந்து சிரிப்போம். எதற்குச் சிரித்தோமோ, இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் மூக்கு பிறவியிலேயே கெட்டதில்லை. ஒருமுறை ஸ்டிரைக் நடந்து கம்பெனி ஒரு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. திறந்த அன்று காலையில் தெரு முழுக்க வாந்தி வருகிற மாதிரி ஒரு நெடி. அப்பா அங்கே லோடிங் வேலை. அம்மா வாசலில் நின்று நெஞ்சு நிறைய அதை இழுத்தாள். "தொறந்துட்டாங்கடி. வாசன நின்னாதான் பயப்படணும், வந்தா இன்னா?" என்றாள். நாலைந்து நாளில் அந்த நெடி எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அடுப்பில் உலை வைக்கிறவளுக்கு அந்த நாற்றம்தான் சம்பளம்.

நான் பிளஸ் டூ முடித்து, டைப்பிங் பாஸ் செய்து, வேலை தேடிக்கொண்டிருந்த வருஷம் அந்தக் கால்வாயை சிலாப் போட்டு மூடச் சொல்லி யாரோ பெயரில்லாமல் மனுப் போட்டிருந்தார்கள். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அவர் கேட்கக் கேட்க ஃபாரத்தில் எழுத, கையெழுத்து நன்றாக உள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அதுதான் என் முதல் வேலை. இஸ்திரி போட்ட தாவணி, புதுப் பேனா, கையில் ஸ்கேல். கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி நடந்தேன்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டை. ஒவ்வொரு வாசலிலும் அதை எடுத்துவிட்டு, "இங்க ஏதாவது வாசனை வருதா?" என்று கேட்பார். "ஒண்ணும் வர்லியே சார், நல்லாத்தான் கீது" என்பார்கள். நான் 'இல்லை' என்று எழுதுவேன். அவர் கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். அவர் மூக்கில் ஏறியதை எழுத அந்த ஃபாரத்தில் கட்டம் இல்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

தெருக்கோடியில் ஒரு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டின் சமையலறை ஜன்னல் நேரே கால்வாயின் மேல். கடைக்காரர் மகனுக்குத் தெற்கே திசையன்விளைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள்தான் செல்வக்கனி. என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பாள். கேள்வி கேட்டதும் படபடவென்று சொன்னாள்.

"நாத்தம் அடிக்கி சார். அழுவுன முட்டையும் துருவும் சேந்தாப்ல. எந்நேரமும் தலைய வலிக்கி. சோறு எறங்க மாட்டக்கு."

காலையிலிருந்து முதல் தடவையாக 'ஆம்' என்று எழுதினேன். கடையில் புளி வாங்க நின்ற கன்னியம்மா அக்கா சிரித்தாள். "சோறு எறங்கலியா? அப்போ விசேஷந்தான்." மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. அதிகாரியும் சிரித்தபடி, "அத அடிச்சிடும்மா. மசக்கைல எல்லாந்தான் நாறும்" என்றார்.

"அப்படில்லாம் ஒண்ணுமில்ல சார், நெசமாவே..." என்று ஆரம்பித்தவளை மாமியார் உள்ளே போகச் சொன்னார். நான் அடித்தேன். சும்மா அடிக்கவில்லை, ஸ்கேல் வைத்து, கோணாமல், அழகாக. பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

விருந்தாளியைக் கேளுங்கள் என்கிறது இன்றைய செய்தி. கேட்டோமே. ஒரே ஒரு விருந்தாளிதான் கிடைத்தாள், அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தோம். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் செய்தி பரவி, ஆளுக்கு ஆள் மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது, அவள் ஊரை ஏமாற்றிவிட்ட மாதிரிப் பேசினார்கள். எவ்வளவு பெரிய அநியாயம், பாருங்கள். அவள் சொன்னது நாற்றம். பிள்ளை என்று சொன்னது நாங்கள்.

பொதுமக்களுக்கு இடைஞ்சல் எதுவும் இல்லை என்று மனுவை மூடிவிட்டார்கள். கால்வாயை மூடவில்லை. அந்த வாரம் கடைக்குப் போனபோது செல்வக்கனி பருப்பை நிறுத்துக்கொண்டே, தலை நிமிராமல், மெதுவாகச் சொன்னாள்.

"யக்கா, அந்தக் கடுதாசி போட்டது நாந்தான். ஒரு ஆளாவது வந்து கேக்கட்டும்னு போட்டேன். கேக்க வந்தாவ. நீங்க அடிச்சிட்டியளே."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஃபாரம் எழுதிய சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரத்தை ரொம்ப நாள் கட்டவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் கட்டினேன். மறுநாளே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

இத்தனை வருஷத்தில் கம்பெனி இரண்டு தடவை பெயர்ப் பலகையை மாற்றிவிட்டது. மெட்ரோ வந்துவிட்டது, அந்தக் கண்டக்டர் இல்லை, அம்மாவும் அப்பாவும் இல்லை. கால்வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. செய்தியைப் படித்த கோபத்தில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதே மனுவை மறுபடி எழுதினேன். இந்தத் தடவை பெயர் போட்டு. 'நாற்றம் தாங்க முடியவில்லை' என்று தொடங்கி ஒரு பக்கம். முதல் கையெழுத்து செல்வக்கனியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று, இப்போது நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அந்தக் கடைக்கு நடந்தேன். அடித்ததை நானே திருப்பி எழுதிவிட்டுச் சாகலாம் என்று ஒரு ஆசை.

கடையில் இப்போது கண்ணாடிக் கதவும் கணினி பில்லும். செல்வக்கனிக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. "இன்னாக்கா, காலங்காத்தால?" என்றாள். திசையன்விளையெல்லாம் அவள் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. உள்ளே அழைத்துப்போய் சமையலறையில் உட்கார வைத்தாள். அதே ஜன்னல். திறந்துதான் இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வாசனை மட்டும்தான் எனக்கும் வந்தது.

மனுவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். பேனாவைக் கையில் வாங்கினாள். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் முகத்தை வைத்து, ஒருமுறை இழுத்தாள். இன்னொருமுறை நன்றாக இழுத்தாள். திரும்பி வந்து பேனாவை மனுவின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒண்ணும் வர்லியேக்கா. வராதத வருதுன்னு எப்டி கையெழுத்துப் போடுறது? அன்னிக்கும் நான் பொய் சொல்லல."