ஆறாம் அறையின் கட்டில்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நான் இயற்பியல் படித்தவள். நடந்ததற்கு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று நாற்பது நாள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீடில்லாதவர்களுக்கு அறை கொடுத்து, மருந்து, மருத்துவர், பேச்சுத் துணை என்று கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் இல்லம் எங்களுடையது. பதினான்கு அறைகள். எனக்கு இரவுப் பணி. பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி. ஒவ்வோர் அறையிலும் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். புதிதாக வந்தவர் முதல் மாதத்தில் மூன்று இரவு வெளியே தங்கினால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். வெளியே காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர்.

ஆறாம் அறைக்கு வந்தவரை எல்லோரும் மூட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருடம் தெருவில் இருந்தவர். கக்கத்தில் எப்போதும் ஒரு துணிமூட்டை. நுரையீரல் கெட்டிருந்தது. இன்னொரு மழைக்காலத்தை வெளியே தாங்கமாட்டார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வந்து ஐந்தே நாளில் இரண்டு இரவுகளை வாசல்படியில் கழித்துவிட்டார்.

ஆறாம் நாள் இரவு, மணி 1.05. அறை காலி. வாசலுக்கு ஓடினேன். படியில் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, இன்னைக்கும் வெளிய இருந்தா ரூம் போயிடும்க்கா.”

“போகட்டும் பாப்பா. உள்ள ஆள் படுத்திருக்கு.”

“யாருமில்லக்கா. இப்பதான் பார்த்தேன்.”

“நீ லைட்டைப் போட்டுப் பார்த்திருப்ப.” சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. “பிளாட்பாரத்துலகூட இன்னொருத்தர் படுத்த இடத்துல நான் துண்டை விரிச்சதில்ல. இந்த வயசுல அந்தக் கெட்ட பேரு எனக்கெதுக்கு?”

எனக்குப் பேசி ஒருவர் மனதை மாற்ற வராது. செய்துதான் காட்டத் தெரியும்.

“வாங்க. அந்தக் கட்டில்ல நானே படுத்துக் காட்டறேன்.”

மணி 1.20. அக்கா கதவோரம் தரையில் உட்கார்ந்தார். மூட்டை மடியில்.

“லைட்டை அணை. இல்லன்னா செல்லாது.”

அணைத்தேன். சுவரையொட்டிப் போட்ட ஒற்றைக் கட்டில். சுவருக்கு முதுகைக் காட்டி, வெளி ஓரமாகப் படுத்தேன்.

1.31. மெத்தை குளிர்ந்திருந்தது. ஆள் படுக்காத மெத்தை அப்படித்தான் இருக்கும். ஆனால் குளிர் என் முதுகுப் பக்கம் மட்டும்...

1.34. மூச்சுச் சத்தம். அக்காவுடையதுதான். அவருக்கு இழுப்பு உண்டு.

அக்கா இருமினார். இருமலில் அவர் மூச்சு தடைப்பட்டது.

இந்த மூச்சு தடைப்படவில்லை.

என் பிடரிக்குப் பின்னால்... சீராக...

கட்டில் முனகியது. க்ரீ...ச்.

பின்னால் மெத்தை மெல்ல அமுங்கியது.

யாரோ சுவர்ப்பக்கம் தள்ளிப் படுத்தார்கள்.

எனக்கு இடம் விட்டு.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

“சின்னப் பொண்ணு. பயந்துடுவா. விட்டுடும்மா.”

அக்காவின் குரல். அவர் பேசியது என்னிடம் அல்ல.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. விளக்கு எரிந்தபோது மணி 1.41. கட்டிலில் யாருமில்லை. மெத்தையில் இரண்டு பள்ளங்கள். ஒன்று என்னுடையது.

அக்கா என் கையைப் பிடித்து, விடியும்வரை விடவில்லை. மூன்று மணிக்கு அறைக்குள் இருந்தபடியே, ‘இருக்கிறார்’ என்று குறித்தேன். எழுத்து கோணலாக விழுந்தது.

“நான் தரையில படுத்துக்கறேன் பாப்பா,” என்றார் அக்கா. “கட்டில் அவளுக்கு. இவ்வளவு நல்லா இடம் விடுறவகிட்ட எனக்கென்ன சண்டை?”

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. காலை எட்டரைக்கு மேலாளரிடம் போய், அக்காவுக்கு வேறு அறை கேட்டேன்.

“வேற ரூமுக்கு எங்கம்மா போறது? அதுவே இன்னொரு அம்மாவுக்குன்னு வெச்சிருந்தது. அவங்க வராததாலதான் இவங்களுக்குக் கிடைச்சுது.”

“ஏன் சார் வரல?”

கோப்பைப் புரட்டினார். குரல் இறங்கியது.

“பஸ் ஸ்டாண்டுலயே இறந்துட்டாங்க. அப்ப ரூம் ரெடியாகி ஒன்பது நாள். விண்ணப்பத்துல ஏதோ குறைன்னு இங்கேருந்து திருப்பிக் கொடுத்திருக்காங்க. இறந்தப்போ அது அவங்க கையில இருந்துதாம்.”

கசங்கிய தாளை என் பக்கம் நகர்த்தினார். எல்லாம் நிரப்பியிருந்தது, ஒரே ஒரு கட்டத்தைத் தவிர. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘முகவரி இல்லை. நிரப்பிக் கொண்டுவரவும்.’

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், விண்ணப்பங்களைச் சரிபார்க்கத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

சிவப்பு மைக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து.