நாலு நோயும் ஒரு மேட்ச்சும்

கழுத்துக்குப் பின்னால்தான் முதலில் வியர்த்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெயில்கூட ஏறவில்லை. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. கையிலிருந்த கிளிப்பை என்ன செய்வது என்று புரியவில்லை. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மகள் ஸ்டெல்லா. கணவர் ராஜமணி சுவரோரமாக நின்றிருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்படி வளைந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் நான். வாலிபால்தான் என் வாழ்க்கை. நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது. பிறகு ரத்த அழுத்தம், அதன்பின் மூட்டுத் தேய்மானம், கடைசியாகச் சிறுநீரகப் பலவீனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். என்னைப் போலப் பல நோய்களோடு இருப்பவர்களுக்காகவும், அதைவிட முக்கியமாக அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என்னைக் கவனித்தவர் ராஜமணி. குறை சொல்லவே முடியாது. மாத்திரையை உரித்து உள்ளங்கையில் வைப்பார், நான் விழுங்கும்வரை நிற்பார். சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்தார், சிறுநீரகத்துக்காகப் பருப்பைக் குறைத்தார். விழுந்துவிடுவேன் என்று சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்தினார். நான் நினைவிழந்த வாரம்தான் என் பழைய மாணவி முத்துலட்சுமி போன் செய்திருந்தாள். இப்போது அவள் போலீஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று மாதம் கழித்துப் பெண்கள் போட்டி ஒன்று நடக்கிறது, டீச்சர் வந்து நடுவராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "அவியளுக்கு முடியாதும்மா" என்று சொல்லி இவர் போனை வைத்துவிட்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் வார்டுக்கு வந்த டாக்டரம்மா என் மாத்திரைகளையெல்லாம் கட்டிலில் பரப்பச் சொன்னார். வந்தது ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடுவது) என்றார். சர்க்கரை மாத்திரை ஒன்றைச் சிறுநீரகம் சரியாக வெளியேற்றவில்லை. மருந்து உடம்பிலேயே தங்க, சாப்பாடோ குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

"காலைல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு இட்லி" என்றார் ராஜமணி.

"அவங்க சொல்லட்டும் சார்." என் பக்கம் திரும்பினார். "போதுமா அது?"

"போதாது டாக்டர்" என்றேன். ராஜமணி என்னைப் பார்த்தார்.

"சரி. இந்த வியாதியெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். என்ன செய்யணும்னு உங்களுக்கு ஆசை?"

இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் இதைக் கேட்டதில்லை. "ஒரு மேட்ச் நடத்தணும். மேல ஏறி நின்னு."

நடுவர் நிற்கும் மேடை ஆள் உயரத்துக்குப் பக்கம் இருக்கும். நான் மாடிப்படி ஏறியே மாதக்கணக்காகியிருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த மாத்திரையை நிறுத்தி வேறு ஒன்று எழுதினார். முட்டியைச் சும்மா வைத்திருந்தால் இன்னும் இறுகும் என்று சொல்லி, பிசியோதெரபிக்கு (தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி தரும் சிகிச்சை) அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"அந்த அம்மா சொல்லிட்டுப் போயிரும். விழுந்தா யாரு தூக்குவா?" என்றார் ராஜமணி.

"ஒரு நாளைக்கு விழப் போறேன்னு தெனமும் படுத்தே கெடக்கணுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "ஒனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லட்டி. கண்ணு தெறந்திருந்துச்சு, ஆனா என்னத் தெரியல. கூப்பிடுதேன், கூப்பிடுதேன், நீ எங்கயோ பாக்க. அதப் பாத்தவன் நான்."

நான் பட்ட வேதனையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலையை முழுதாக அனுபவித்தவர் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் வழி சொன்னாள். "மாத்திரைய அம்மாவே எடுக்கட்டும். சுகரும் அம்மாவே பாக்கட்டும். நீங்க நடக்கக் கூடப் போங்கப்பா. அதுல விழுந்தா புடிச்சுக்கலாம்ல."

அதன்பின் எங்கள் வீடு பயிற்சி முகாமாகிவிட்டது. வேலை கிடைத்ததும் மனிதர் ஆளே மாறிவிட்டார். முதலில் வாசல்படி, பிறகு சர்ச் படிகள், பிறகு மொட்டைமாடி. "லெஃப்ட், ரைட்" என்று பின்னாலேயே வருவார். தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உற்சாகமாகவும் இருந்தது. மாடிக்கு முதன்முதலில் ஏறிய அன்று மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முத்துலட்சுமிக்கு நானே போன் போட்டேன்.

"வாரேன்ட்டி" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதுவிட்டாள்.

போட்டி ஞாயிறு காலை. முத்துலட்சுமி ஆடும் போலீஸ் பெண்கள் அணியும் ஒரு கல்லூரி அணியும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தந்தவர் ராஜமணி. மேடை ஏணியில் கால் வைத்தபோது முட்டி நறுக்கென்றது. அடியில் அவர் இரண்டு கையாலும் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறிவிட்டேன். வலை என் கண்ணுக்குக் கீழே தெரிந்தது. விசில் ஊதினேன். மூச்சு போதுமா என்று சந்தேகம் இருந்தது. சத்தம் மைதானத்தைத் தாண்டிக் கேட்டதாம்.

முதல் செட் போலீஸுக்கு. இரண்டாவது செட்டில் கல்லூரிப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு புள்ளி முன்னே, ஒரு புள்ளி பின்னே. வலையைத் தொட்டதற்கு முத்துலட்சுமிக்கு எதிராகவே கை காட்டினேன். "டீச்சர்" என்று இழுத்தாள். "போ, வெளையாடு" என்றேன். அந்த செட் கல்லூரிக்கு.

அப்போதுதான் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. விரல் நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. எனக்கு அந்த உணர்வு நன்றாகத் தெரியும். இடைவேளையில் குனிந்து, மேடைக்குக் கீழே நின்ற ஸ்டெல்லாவிடம் கையை நீட்டினேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். ராஜமணி ஜூஸ் பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தார்.

"நூத்தி இருபத்தெட்டு" என்றாள் ஸ்டெல்லா. "நல்லாத்தான்ம்மா இருக்கு."

"பொறவு ஏன் இப்படிப் படபடங்குது?" என்றேன்.

"ஆட்டம் அப்படி" என்றார் ராஜமணி.

சந்தோஷத்திலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். உடம்பில் எது நடந்தாலும் நோய் என்றே எடுத்துக்கொண்டு எத்தனையோ நாட்களைக் கழித்திருக்கிறேன். மூன்றாவது செட்டுக்கு விசில் ஊதினேன். கல்லூரிதான் ஜெயித்தது.

என் சிறுநீரகம் சரியாகிவிடவில்லை. அடுத்த பரிசோதனையில் அதே அளவில்தான் இருந்தது. இறங்காமல் இருப்பதே நல்லது என்றார் டாக்டரம்மா. நாலு நோயும் என்னோடுதான் இருக்கின்றன.

ஆனால் போட்டிக்கு மறுநாள் காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுந்திருக்கவே முடியவில்லை. கெண்டைக்கால், தோள், இடுப்பு எல்லாம் வலி. ராஜமணி தைலத்தோடு வந்து உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். என் மற்ற வலிகளெல்லாம் எப்போது தொடங்கின, ஏன் வந்தன என்று எனக்குத் தெரியாது. இது நேற்று வந்த வலி, நானே சம்பாதித்தது. தேய்க்க வேண்டாம், கொஞ்சநேரம் அப்படியே இருக்கட்டும் என்று அவரிடம் சொன்னேன்.