தலையில் வைத்திருந்த ஐந்து நோட்டு

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் ராயபுரம் கடலோரத்தில் கொட்டகை போட்டு, நாற்பது பேரைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க அனுப்பும் மேஸ்திரியாக உயர்ந்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை. யார் எந்த நாள் வேலைக்கு வந்தான் என்று ஆஜர் நோட்டில் நானே எழுதுவேன். வருஷத்துக்கு ஒன்றாக எட்டு நோட்டு சேர்ந்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் கடல் கொட்டகையை நெருங்கியது. நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவை கொட்டகையிலேயே இருக்க வேண்டும் என்பது துறைமுக வேலையைக் குத்தகை எடுத்திருந்தவரின் கட்டளை. அதனால் நகல் எழுதி, கடலை விட்டுத் தள்ளி, டோல்கேட் பகுதியில் இருந்த என் வீட்டில் வைக்க முடிவு செய்தேன். என் வேகத்துக்கு ஒரு நோட்டு முடியப் பத்து நாள் ஆகும். கடைசி மூன்று வருஷம் போதும், இப்போது வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருவன் மட்டும் அதில் இல்லை. முதல் நாளிலிருந்து என்னோடு மூட்டை தூக்கியவன். பஞ்சுப் பொதி பேல் ஒன்று விழுந்து கால் முறிந்து, மூன்று வருஷம் வீட்டில் கிடந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என் பேரு எந்த நோட்டுல கீது, மாமு?"

"உன் பேரு என் தலைல கீது. அத்த எந்தக் கடலு இஸ்துகினு பூடும்?"

பெருமைக்குச் சொன்னதில்லை. நகல் எடுக்காத, அவன் வேலை செய்த அந்த முதல் ஐந்து வருஷமும் எனக்கு மனப்பாடம்.

கார்த்திகையில் கொட்டகை கடலோடு போனது. எட்டு நோட்டும் போயின. அடுத்த கோடையில், எந்த மூன்று வருஷமானாலும் ஆஜர் காட்டுபவர்களுக்கு நிரந்தர வேலைச் சீட்டு என்று துறைமுகத்தில் அறிவித்தார்கள். என் நகலைக் காட்டி மற்றவர்கள் அனைவரும் சீட்டு வாங்கினார்கள். ஊரே என் புத்தியை மெச்சியது.

அவனுக்காக அதிகாரி முன் நின்று, எந்தக் கப்பல், என்ன சரக்கு, எத்தனை நாள் என்று மாதம் மாதமாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதம் இருக்கிறதா என்றார். இல்லை.

வெளியே வந்ததும் அவன் சிரித்தான். "உன் தலைய கயட்டிக் குட்த்துட்டு வந்திருக்கலாமே, மாமு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை என் ஆட்கள் சீட்டைக் காட்டி வரிசையாகத் துறைமுக கேட்டுக்குள் போனார்கள். அவன் வெளியே, அன்றாடம் ஆள் பிடிக்கும் கூட்டத்தில், நல்ல காலை முன்னே வைத்து நின்றிருந்தான்.