வரப்பில் வைத்த கடல் சாமான்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காகிதம் கிடைப்பது அரிது. ஆகவே வெள்ளிக்கிழமை கடைசி மணியில், சிலேட்டையும் மூடி வைக்கச் சொல்லிவிட்டு, புத்தகத்தில் விடை இல்லாத கேள்வி ஒன்று கேட்பேன். பிள்ளைகள் எதைச் சொன்னாலும் தப்பு என்பதில்லை. "ஏன் அப்படி?" என்பேன், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்துப் புன்செய்க் கொல்லைகளில் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கும். முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். "அப்போ கடல் ஏன் இதையெல்லாம் விட்டுட்டுப் போச்சு?" என்று ஒருமுறை கேட்டேன். தூக்க முடியாத கனம் என்றான் ஒருவன். கடலுக்கு வயசாகி மறந்துபோச்சு என்றான் இன்னொருவன். ஒரு சிறுமி வெகுநேரம் கழித்து, "திரும்பி வந்து எடுத்துக்கும்" என்றாள்.

"ஏன் அப்படி?"

"வூட்டுச் சாமான யாராச்சும் சும்மா வுட்டுட்டுப் போவாங்களா சார்?"

திங்கட்கிழமை அவள் அப்பா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஆடி விதைப்புக்காக அவர் பொறுக்கி வரப்பில் குவித்திருந்த சிப்பிக் கற்களை, அவள் கூடையில் அள்ளி மறுபடியும் கொல்லைக்குள் போட்டிருந்தாள். கடல் வந்து தேடுமாம்.

"நான் கல்லு பொறுக்குறேன், நீங்க போடச் சொல்லிக் குடுக்குறீங்க. நாளையிலேருந்து இவ வரமாட்டா சார். ஆடு மேய்க்கட்டும்."

முதுகு ஒடியப் பொறுக்கிய கல். அவர் கோபம் நியாயமானது. நான் என்ன சொன்னாலும் சாக்குப்போக்காகவே படும். அதனால் அவளிடமே கேட்டேன்.

"கல்லு கெடந்தா அப்பா எப்படி விதைப்பாரு? கடலுக்கும் அது கெடைக்கணும். என்ன பண்ணலாம்?"

அவள் மூக்கை உறிஞ்சியபடியே யோசித்தாள். "என்னத்த சொல்லப்போறா" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் கிளம்பவில்லை.

"வரப்புலயே இருக்கட்டும். வரப்பு ஒசரம். கடலு தூரத்துல வரும்போதே தெரிஞ்சுடும்."

"இத முன்னாடியே யோசிச்சிருந்தா எனக்கு ஒரு பொழுது மிச்சம்" என்றார் அப்பா. பிறகு, "சரி, ஒங் கடலு வந்தா என் கம்புப் பயிரு என்னாவும்?"

"அத இன்னும் யோசிக்கலப்பா."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒக்காந்து யோசி. சாயங்காலம் வந்து கல்ல நீயே அள்ளணும்."

பிடித்திருந்த கையை விட்டார். கொல்லையைப் பார்த்து நடந்தார். மறுநாளும் அவள் வந்தாள்.